தொழிலாளப் பெண்களின் வாழ்க்கை மடல்களும் சமூக மாற்றமும்: பிரித்தானிய மகளிர் கூட்டுறவுக் கழகம் பற்றிய ஒரு நோக்கு

1

சமூக வரலாற்றினை ஆராயப் புகுவோர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் தலையாயது சான்றுகள் பற்றியதாகும். உடைமை வர்க்கத்தினர் தம் வாழ்வைத் தாமே எழுதிவைத்துச் சென்றனர். உழைக்கும் மக்களின் வாழ்வையோ பெரும்பாலும் பிறரே எழுதினர். தொழிலாளர் குடும்பத்துப் பெண்களைப் பொறுத்தவரை இந்நிலை இன்னும் கடுமையானது. சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, மருத்துவரின் குறிப்பேடு, திருச்சபையின் பதிவேடு, தரும தாபனத்தாரின் மதிப்பீடு ஆகியவற்றினூடாகவே அவர்கள் நமக்குக் காட்சி தருகின்றனர். அவற்றிலே அவர்கள் பிறரால் விவரிக்கப்படுகின்றனரேயன்றித் தாமாகப் பேசுவதில்லை.

தன் வாழ்வைத் தானே எடுத்துரைப்பதால் பெண் வலுப்பெறுகிறாள் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் சிறு குழுக்களாகக் கூடிய பெண்கள், தத்தம் சொந்த அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு அவற்றுக்கு அடிப்படையாயமைந்த பொதுக் காரணங்களைக் கண்டறிய முற்பட்டனர். தனிப்பட்டது அரசியலே என்னும் பொருள்படும் தலைப்புடன் கரோல் ஹனிஷ் எழுதி 1970 இல் வெளியான கட்டுரை அவ்வியக்கத்துக்கு ஒரு முழக்கத்தையே அளித்தது. இதனாற் போலும், பெண்கள் தம் கதைகளைப் பகிர்ந்து வலுப்பெறும் முறைமை அக்காலத்திலேயே தோன்றியதெனக் கருதுவோர் பலர். ஆயின், அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்னரே இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்து மனைவியர் பல நூற்றுவர் தம் மணவாழ்வையும் மகப்பேற்றையும் பற்றித் தாமே எழுதினர். அவ்வெழுத்து நாட்டின் சட்ட நிர்வாகத்தையே தொட்டது.

அவ்வரலாற்றினை இக்கட்டுரையில் நோக்குவோம். இரு வினாக்கள் நமக்கு முக்கியமானவை. எத்தகைய சூழ்நிலையில் ஒரு பெண்ணின் கதை சமூக ஆற்றலாக மாறுகின்றது? அங்ஙனம் மாறுமிடத்து, அவள் கூறியவற்றுள் எவை கேட்கப்படுகின்றன, எவை கேளாது விடப்படுகின்றன?

2

1844 இல் றொச்டேல் நகரின் தொழிலாளர் தொடங்கிய கூட்டுறவுக் கடை, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. அவ்வியக்கம் கொள்வனவை அடிப்படையாகக் கொண்டது. கொள்வனவின் அளவுக்கேற்ப அங்கத்தவருக்குப் பங்கிலாபம் கிடைத்தது. கடைக்குச் சென்று பொருள் வாங்கியவள் வீட்டு மனைவி. சங்கத்தின் நிர்வாகச் சபையில் அமர்ந்திருந்தவன் கணவன். இயக்கத்தின் பொருளாதார அடித்தளமே பெண்ணின் கூடையிற்றான் தங்கியிருந்தது எனலாம். எனினும் முடிவெடுக்கும் உரிமை அவளுக்கு அரிதாகவே இருந்தது.

இம்முரண்பாட்டின் விளைவாகவே 1883 இல் மகளிர் கூட்டுறவுக் கழகம் தோன்றிற்று. கூட்டுறவு இயக்கத்தின் வாரப் பத்திரிகையில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பகுதியொன்றைப் பொறுப்பேற்று நடத்திய அலிஸ் அக்லண்டும், மேரி லோறன்சனும் அதன் தோற்றத்துக்குக் காரணமாயினர். 1889 இல் மார்கரெற் லெவலின் டேவிஸ் பொதுச் செயலாளராகி, 1921 வரை அப்பதவியை வகித்தார். அவர் தொழிலாளர் குடும்பத்தவரல்லர். ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகள். கேர்ட்டன் கல்லூரியை நிறுவியோருள் முதன்மையானவரான எமிலி டேவிஸின் சகோதரன் மகள். தாமும் அக்கல்லூரியிற் பயின்றவர். 1914 அளவிற் கழகம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்டிருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் மணமான தொழிலாளர் வர்க்கப் பெண்கள்.

கழகத்தின் கிளைகள் ஒழுங்காகக் கூடின. தையலும் சமையலும் முதலிற் பேசப்பட்டன. பின்னர் நகரசபை, கல்வி, கூலி, வாக்குரிமை ஆகியன பேசப்பட்டன. வீட்டுக்கு வெளியே ஒரு சொல்லும் பேசியறியாத பெண்கள் தலைமை தாங்கவும், கூட்டக் குறிப்பு எழுதவும், கணக்குக் காட்டவும், ஆண்டுப் பேராளர் மாநாட்டில் எழுந்து வாதிடவும் பழகினர். இவ்வமைப்புப் பயிற்சியை நாம் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். பின்னாளில் அவர்கள் எழுதிய மடல்கள் தனிமையிற் பிறந்த புலம்பல்களல்ல. ஏறத்தாழ முப்பதாண்டுகளாகக் கூடிப் பேசியும் ஒருவர்க்கொருவர் செவிசாய்த்தும் வந்தோர் எழுதியவை அவை.

இங்கு ஒரு வரையறையையும் கூறுதல் நேர்மையாகும். கூட்டுறவுக் கடைகள் பெரும்பாலும் கடன் கொடாதவை. ஆதலின் அங்கத்துவம் ஓரளவு நிலையான கூலி பெற்ற தொழிலாளர் குடும்பங்களுக்கே எட்டியது. நகர்ப்புறத்தின் மிக வறிய பெண்கள் கழகத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றனர். நாம் பின்னர்க் காணவுள்ள துன்பங்கள் தொழிலாள வர்க்கத்தின் அடித்தட்டில் இருந்தோருடையவை அல்ல; ஒப்பளவில் நல்ல நிலையில் இருந்தோருடையவை. இவர்கள் நிலையே அதுவெனின், அவர்களுக்கும் கீழிருந்தோர் நிலையை வாசகர் ஊகித்தறியலாம்.

3

பெண்களின் சொந்த அனுபவங்களைக் கழகம் பொதுச் சான்றாக முன்வைத்த முதலாவது பெருநிகழ்ச்சி விவாகரத்துப் பிரச்சினையோடு தொடர்புடையதாகும். 1857 ஆம் ஆண்டின் சட்டப்படி, மனைவியின் பிறன்மனைத் தொடர்பு ஒன்றையே காட்டிக் கணவன் மணவிலக்குப் பெறலாம். மனைவியோ கணவனின் அத்தகைய ஒழுக்கக்கேட்டுடன் கொடுமை, கைவிடல் முதலியவற்றுள் ஒன்றையும் சேர்த்து நிரூபித்தல் வேண்டும். வழக்குச் செலவோ தொழிலாளர் குடும்பங்களுக்கு எட்டாதது. 1909 இல் இது குறித்து அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டபொழுது, கழகம் தன் அங்கத்தவரின் கருத்தைக் கேட்டறிந்து 1910 இல் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தது. அச்சாட்சியம் 1911 இல் நூலாகவும் வெளிவந்தது.

மணவாழ்க்கையிற் பெண்கள் அனுபவித்த வன்முறையும் கட்டாயமும் அதனூடே அரசின் செவிக்கு எட்டின. உழைக்கும் மக்களுக்கு விவாகரத்து வேண்டியதில்லை, அவர்கள் அதனை விரும்புவதுமில்லை எனப் பிறர் அவர்கள் சார்பிற் கூறிவந்த கூற்று தகர்ந்தது. ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர் 1912 இல், ஆண் பெண் இருபாலார்க்கும் சமமான நியாயங்களும், விரிந்த காரணங்களும் வேண்டுமெனப் பரிந்துரைத்தனர்.

இவ்வாறு பேசியமைக்குக் கழகம் விலை கொடுக்கவேண்டியிருந்தது. கத்தோலிக்க அமைப்புக்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, கூட்டுறவு ஒன்றியத்தின் மத்திய சபை, விவாகரத்துச் சீர்திருத்தப் பிரசாரத்தைக் கைவிடுமாறு கழகத்தைக் கேட்டது. மறுப்பின் ஆண்டுதோறும் வழங்கிவந்த 400 பவுண் மானியம் நிறுத்தப்படும் எனவும் கூறிற்று. கழகத்தின் மாநாடு இந்நிபந்தனையை நிராகரித்தது. 1914 முதல் 1918 வரை நான்கு ஆண்டுகள் அம்மானியமின்றியே கழகம் இயங்கிற்று. கிளைகளின் சிறு சந்தாக்களில் வாழ்ந்த அமைப்புக்கு 400 பவுண் சிறு தொகையன்று. விவாகரத்தினை விரும்பாத அங்கத்தவரும் கழகத்துள் இருந்தனர். எனினும், தாம் எதனைப் பேசலாம் என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைப் பணத்துக்கு விற்கலாகாது என்பதிற் பெரும்பான்மையோர் உறுதியாக நின்றனர்.

4

மகப்பேறு பற்றிய மடல்களை அவை தோன்றிய கருத்துச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். 1899 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள்ளும் ஏறத்தாழ 163 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன. தென்னாபிரிக்கப் போரின்போது படைக்குச் சேர வந்த இளைஞர் பலர் உடற்றகுதியற்றவரெனக் காணப்பட்டனர். பேரரசின் எதிர்காலம் குறித்து ஆளும் வர்க்கத்தார் அச்சங்கொண்டனர். 1904 இல் உடல்நலச் சீர்கேடு பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1906 இல் ஜோர்ஜ் நியூமன் குழந்தை இறப்பினைச் சமூகப் பிரச்சினையாகக் காட்டி நூலெழுதினார். இவற்றிலெல்லாம் அடிக்கடி ஒலித்த குற்றச்சாட்டு ஒன்றுண்டு: ஏழைத் தாயின் அறியாமையே குழந்தையின் சாவுக்குக் காரணம் என்பதே அது.

1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டத்தின் கீழ், காப்புறுதி செய்த தொழிலாளியின் மனைவிக்கு 30 சிலிங் மகப்பேற்றுக் கொடுப்பனவு ஏற்பாடாயிற்று. அதனைச் சட்டத்திற் சேர்க்கும்படி வற்புறுத்தியோருட் கழகத்தினரும் அடங்குவர். ஆனால் அப்பணம் சட்டப்படி கணவனுக்கே உரியதாயிருந்தது. கழகம் தொடர்ந்து போராடியதன் பயனாக 1913 இன் திருத்தச் சட்டம் அதனை மனைவியின் உடைமையாக்கிற்று. பிள்ளை பெறுபவளின் கையிற் பணம் நேரே சேரவேண்டும் என்ற இச்சிறு திருத்தம், குடும்பத்தின் தலைவன் யார் என்னும் பெருவினாவைத் தொட்டுச் சென்றது.

அடுத்த கட்டமாக, தாய்மாரின் பராமரிப்புக்கென நாடு தழுவிய திட்டமொன்றைக் கழகம் வகுத்தது. அதற்குச் சான்று தேடுமிடத்து, மருத்துவ நிபுணரை நாடாது தன் அங்கத்தவரையே நாடிற்று. கழகத்தில் பொறுப்பு வகித்த, வகித்துவந்த ஏறத்தாழ 600 பெண்களுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. தம் மகப்பேற்று அனுபவங்களை எழுதுமாறு கேட்டதோடு, குழந்தைகள் எத்தனை, எவ்வளவு கால இடைவெளியிற் பிறந்தன, எத்தனை இறந்தன, கருச்சிதைவுகள் உண்டாயினவா எனவும் வினவப்பட்டது. வந்த மறுமொழிகள் 386. அவற்றுள் 160, 'தாய்மை: தொழிலாளப் பெண்களின் கடிதங்கள்' என்னும் பொருள்படும் தலைப்புடன் 1915 இல் நூலாயின. எழுதியோர் பெயர்கள் நீக்கப்பட்டன. ஆயின், கணவனின் கூலியும் பிள்ளைகளின் தொகையும் கடிதங்களோடு தரப்பட்டன. தனிப்பட்ட கதையைப் பொருளாதார நிலையோடு பிணைத்துக் காட்டிய இவ்வொழுங்கு தற்செயலானதன்று.

மடல்கள் கூறுவன யாவை? மகப்பேற்றுச் செலவுக்கும் தாதிக்கும் வேண்டிய பணத்தைத் தம் உணவைக் குறைத்து மிச்சம்பிடித்த பெண்கள் இருந்தனர். பேற்றுநோவு தொடங்கும்வரை பிறர் துணியை வெளுத்தோரும், பெற்ற சில நாட்களிலேயே வீட்டு வேலைக்கு எழுந்து வாழ்நாள் நோயைத் தேடிக்கொண்டோரும் எழுதினர். மணம்புரியும் வேளையில் உடலைப் பற்றியும் மகப்பேற்றைப் பற்றியும் தமக்கு எவருமே எதுவுமே சொல்லவில்லை எனப் பலர் குறித்தனர். கணவனின் பாலுரிமை எல்லையற்றது என்ற வழக்கத்தால் நோயுற்ற வேளையிலும் தப்ப முடியாதிருந்ததை எழுதியோர் உளர். மீண்டும் கருவுற்ற அச்சத்தால் மருந்துண்டு கருவைக் கலைக்க முயன்றதைச் சிலர் ஒளிக்காது கூறினர். அன்பும் பரிவும் நிறைந்த கணவரைப் பற்றி நன்றியுடன் எழுதியோரும் உண்டு. அவர்களும் குறைந்த கூலியின் கொடுமையிலிருந்து தப்பியவரல்லர்.

கடிதங்களோடு தொகுத்துத் தரப்பட்ட கணக்கு, கதைகளுக்கு வேறொரு வலிமையை அளித்தது. 348 குடும்பங்களில் உயிருடன் பிறந்தவை 1,396, இறந்து பிறந்தவை 83, கருச்சிதைவுகள் 218, ஓராண்டுக்குள் இறந்தவை 122. உயிருடன் பிறந்தனவற்றோடு ஒப்பிடுமிடத்து, இறந்து பிறந்தவையும் சிதைந்தவையும் நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்டன. அரச புள்ளிவிபரங்கள் பிறந்த குழந்தையின் சாவை எண்ணின. பிறவாக் குழந்தையின் இழப்பை எண்ணவில்லை. அவ்விழப்பைச் சுமந்த பெண்களிடம் கேட்டபின்னரே அது வெளிப்பட்டது. ஒருத்தி தன் விதியென்றெண்ணி மறைத்து வைத்திருந்தது, முந்நூற்று நாற்பத்தெட்டுப் பேரின் கணக்கோடு சேர்ந்தபொழுது சமூக அமைப்பின் குற்றமாகத் தெரிந்தது. தாயின் அறியாமை என்ற குற்றச்சாட்டுக்கு மடல்கள் அளித்த மறுமொழியும் அதுவே. அறியாமை இருந்தது உண்மை. ஆனால் அறிந்தவளுக்கும் பாலுக்குப் பணமும் படுத்திருக்க நேரமும் இருக்கவில்லை.

5

இனி நமது இரண்டாவது வினாவுக்கு வருவோம். இக்குரலில் அரசு எதனைக் கேட்டது?

மடல்கள் போருக்கு முன்னர் வகுக்கப்பட்ட திட்டமொன்றுக்காக எழுதப்பட்டவை. நூல் வெளியானதோ முதலாம் உலகப்போரின் இரண்டாம் ஆண்டில். ஹேர்பேட் சாமுவேல் அதற்கு முன்னுரை வழங்கினார். உள்ளூராட்சி வாரியத்தின் தலைவராகப் பணியாற்றிய அரசியல்வாதியான அவர், தாய்மாரின் துன்பத்தை ஏற்றுக்கொண்டதோடு, நாட்டின் மக்கட்டொகையும் வலிமையும் பற்றிய கவலையையும் வெளியிட்டார். போர்க்களத்திலே இளைஞர் ஆயிரமாயிரமாக மடிந்துகொண்டிருந்த வேளையில், தொட்டிலிற் சாகும் குழந்தை தேசிய இழப்பாகத் தெரிந்தது. 1914 இலிருந்து தாய்சேய் நலப் பணிகளுக்கு மத்திய அரசின் மானியங்கள் கிடைத்தன. 1918 இல் தாய்சேய் நலச் சட்டம் நிறைவேறிற்று. உள்ளூராட்சி மன்றங்கள் இதன்கீழ்த் தாய்சேய் நலக் குழுக்களை அமைக்கவும், நிலையங்களை நடத்தவும், பிற உதவிகளை வழங்கவும் வழி ஏற்பட்டது. கழகத்தின் கோரிக்கைகள் பலவற்றின் சாயலை இதிற் காணலாம். இச்சட்டத்தை மடல்கள் மட்டுமே கொணர்ந்தன எனக் கூறுதல் மிகையாகும். மருத்துவ அதிகாரிகளும் தொழிற்கட்சியினரும் பிற மகளிர் அமைப்புகளும் இதற்கு உழைத்தனர். போரும் தன் பங்கை ஆற்றிற்று. எனினும், தாய் என்பவள் எத்தகைய வாழ்வு வாழ்கிறாள் என்ற செய்தியை அவள் வாயாலேயே விவாதத்துட் கொணர்ந்தது கழகமேயாம்.

ஆனால், பெண்கள் எழுதியது குழந்தையைப் பற்றி மட்டுமன்று. தம் உடலைப் பற்றியும், ஓய்வைப் பற்றியும், விரும்பாத கருவைப் பற்றியும், மறுக்க முடியாத கணவனைப் பற்றியும் எழுதினர். குழந்தையை ஏற்ற அரசு, இவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது. விவாகரத்துக்கான நியாயங்களில் மனைவிக்குச் சமநிலை 1923 இலேயே கிட்டிற்று. 1912 இல் ஆணைக்குழு பரிந்துரைத்த விரிந்த காரணங்கள் சட்டமாவதற்கு 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. கருத்தடை ஆலோசனையை அரசின் தாய்சேய் நிலையங்களில் வழங்குவதற்கு 1930 வரை தடையிருந்தது. 1934 இல் கழகத்தின் மாநாடு கருக்கலைப்பினைச் சட்டபூர்வமாக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அக்கோரிக்கை 1967 இலேயே, அதுவும் மருத்துவரின் தீர்ப்புக்கு உட்பட்டு, பிரித்தானியச் சட்டத்தில் இடம்பெற்றது. அதிகாரத்தின் தேவையோடு இசைந்த பகுதி மூன்றாண்டிற் சட்டமாயிற்று. இசையாத பகுதி தலைமுறைகளைக் கடக்க வேண்டியதாயிற்று. கதை கேட்கப்பட்டது என்பதும், கதை கூறியவள் கேட்கப்பட்டாள் என்பதும் வேறு வேறானவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

கேட்போருக்கும் கூறுவோருக்கும் இடையிலான வர்க்க இடைவெளியை வெளிப்படையாகப் பேசும் ஆவணம் ஒன்று 1931 இல் வெளிவந்தது. கழகப் பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை மார்கரெற் லெவலின் டேவிஸ் தொகுக்க, ஹோகார்த் அச்சகத்தார் 'நாம் அறிந்த வாழ்க்கை' எனப் பொருள்படும் தலைப்பில் அதனை வெளியிட்டனர். எட்டு வயதிலேயே சதுப்பு நிலப் பண்ணைகளில் கூலிக் கூட்டத்தோடு உழைத்தவரும், பின்னாளில் மருத்துவிச்சியாகப் பணிபுரிந்தவரும், தொப்பித் தொழிற்சாலையில் வேலை செய்தவரும் இதில் தம் வரலாற்றை எழுதினர்.

அவ்வச்சகத்தை நடத்தியோர் வேர்ஜினியா வூல்ஃபும் அவர் கணவர் லெனாட் வூல்ஃபும் ஆவர். லெனாட் வூல்ஃப் நமக்குப் புதியவரல்லர். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திலும் பின்னர் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் குடியேற்ற அரசின் சிவில் சேவையிற் பணியாற்றி 1911 இல் தாயகம் திரும்பியவர். தென்னிலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றின் அழிவை நாவலாக்கியவர். அரச பணியைத் துறந்தபின் கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபட்டு, 1913 இல் நியூகாசிலில் நடந்த கழக மாநாட்டுக்கு மனைவியுடன் சென்றார். அந்நினைவையே வேர்ஜினியா, நூலின் முகப்பில் இடம்பெற்ற தம் கடிதத்துக்கு அடிப்படையாக்கினார்.

அக்கடிதத்தின் நேர்மை பாராட்டத்தக்கது. சுடுநீரும் குளியலறையும் குறைந்த வேலை நேரமும் வேண்டுமெனப் பெண்கள் முழங்கியபொழுது, அவையெல்லாம் ஏற்கனவே வாய்க்கப்பெற்ற தாம் வெறும் பார்வையாளராகவே அமர்ந்திருந்ததை அவர் ஒப்புக்கொள்கிறார். பரிவு உண்டு, ஆயின் அப்பரிவு உடலால் உணரப்பட்டதன்று என்பது அவர் கூற்றின் சாரம். அதேவேளை, இவ்வெழுத்துக்களை இலக்கியம் என்று கொள்வதில் அவருக்கிருந்த தயக்கமும் அங்கு வெளிப்படுகின்றது. இத்தயக்கத்தில் நாம் அவரோடு உடன்படவேண்டியதில்லை. பண்பட்ட நடை என்னும் அளவுகோல் ஓய்வும் கல்வியும் பெற்ற வர்க்கத்தினால் ஆக்கப்பட்டது; சமையலறை மேசையில் இரவில் எழுதப்பட்ட மடலை அதனால் அளத்தல் பொருந்தாது.

மார்கரெற் லெவலின் டேவிஸின் பங்கினையும் இவ்வாறே மதிப்பிடல் வேண்டும். வினாக்களை அமைத்ததும், வந்த கடிதங்களுள் எவை அச்சேற வேண்டுமெனத் தீர்மானித்ததும் கழகத்தின் தலைமை. 386 மறுமொழிகளில் 160 மட்டுமே நூலில் இடம்பெற்றன என்னும்பொழுது, தெரிவு என்பது ஓர் அதிகாரம் என்பதை மறத்தலாகாது. ஆயினும், எழுதியோர் தம்மைத் தொகுத்தவரை மாநாட்டில் கேள்வி கேட்கவும், அவர் வகுத்த கொள்கையை வாக்களித்து ஏற்கவும் மறுக்கவும் உரிமை பெற்றிருந்தனர். தரும தாபனத்தாரின் முன்னால் தன் வறுமையை விவரிக்கும் பெண்ணுக்கு இவ்வுரிமை இல்லை. இரண்டும் தன் கதை கூறலே. எனினும் முன்னது உரிமைக் கோரிக்கையாகவும் பின்னது இரத்தலாகவும் அமைவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தன் கதையைக் கூறுவதனால் மட்டும் பெண் வலுப்பெறுவதில்லை. தன்னைப் போன்றோரின் நடுவில் கூறுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஒருத்தியின் கதையை மற்றொருத்தியின் கதையோடு சேர்த்துப் பொதுக் காரணத்தைக் காணும் முறை வேண்டும். கண்டதைக் கோரிக்கையாக்கி அதற்காக இழப்பையும் ஏற்கும் அமைப்பு வேண்டும். கூறிய கதையின் மீது கூறியவளுக்கே ஆட்சி இருத்தல் இவை யாவற்றிலும் முக்கியமானது. மகளிர் கூட்டுறவுக் கழகம் முதல் மூன்றையும் பெற்றிருந்தது. நான்காவதைக் கழகத்தினுள் ஓரளவு பேணிற்று. அரசின் முன் அதனைப் பேண இயலவில்லை.

மகப்பேற்று மடல்கள் 1978 இல் விராகோ பதிப்பகத்தாரால் மீண்டும் அச்சிடப்பட்டன. 1915 இல் குழந்தை நலத்துக்கான சான்றாகப் படிக்கப்பட்ட அதே மடல்களை, புதிய தலைமுறைப் பெண்கள் தம் உடல்மீதான உரிமை பற்றிய சான்றாகப் படித்தனர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேளாதிருந்த பகுதி அப்பொழுதுதான் கேட்கத் தொடங்கிற்று.

வாய்மொழிச் சான்றுகளையும் மடல்களையும் நாட்குறிப்புகளையும் திரட்டும் பணியில் ஈடுபடும் ஆய்வாளர் யாவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உழைக்கும் பெண்ணொருத்தியின் வாக்குமூலத்தைப் பெற்றுவிட்டோம் என்ற நிறைவோடு நாம் நின்றுவிடலாகாது. அவள் கூறியவற்றுள் நம் ஆய்வுப் பொருளுக்கு இசைந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் குறிப்பேட்டிலேயே உறங்கவிடுவோமாயின், 1918 இன் அரசு செய்ததனையே நாமும் செய்தவராவோம்.